கொட்டாங்குச்சியில் கருவாடு

கருவாட்டுப் பானையில் மறுபடியும் இரண்டு துண்டு குறைந்திருந்தது. மூன்று நாளில் ஆறு துண்டு! பூனை வேலை என்றால் பானை உருண்டிருக்க வேண்டும். இங்கே மூடி போட்டது போட்டபடி இருந்தது.

"ஏனுங்க, பானைகிட்ட என்ன தேடறீங்க?" என்றாள் பெருமாயி, முறத்தோடு உள்ளே வந்தபடி.

"உப்பு" என்றான் பச்சமுத்து.

உப்புச் சட்டி அவன் காலடியிலேயே இருந்தது. அவள் களுக்கென்று சிரித்துவிட்டுப் போனாள். சிரிக்கட்டும், சிரிக்கட்டும். எத்தனை நாளைக்கு?

கட்டிக்கொண்டு வந்து ஏழு வருசமாகிறது. இதுவரை அவளைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. எல்லாம் பொங்கலுக்கு இந்த வெங்கடாசலம் வந்தபிறகுதான். அடுத்த வீட்டுக்காரன், மேட்டூரில் அணை கட்டும் வேலைக்குப் போனவன், கிராப்புத் தலையும் கைவைத்த சட்டையுமாகத் திரும்பியிருந்தான். வந்த அன்றே இங்கே உட்கார்ந்து கம்மங்கூழ் குடித்தான்.

"பெருமாயி சுட்ட கருவாட்டுக்கு மேட்டூரையே எழுதிக் குடுக்கலாம்ப்பா!" என்றான். அவளுக்கு வாயெல்லாம் பல். பச்சமுத்துவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நேற்று விடியக்காலம் அவன் பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்தபோது பெருமாயி எழுந்து போய்க்கொண்டிருந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி, புழக்கடைப் பக்கமாக! கட்டின புருசனை நேருக்கு நேர் பார்க்கத் தைரியம் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன?

வாசல் தெளிப்பதற்கு முன்பே புழக்கடையைக் கூட்டவும் ஆரம்பித்திருந்தாள். அவரைப் பந்தலிலிருந்து கிளுவை வேலி வரைக்கும் மண்ணில் ஒரு தடம் இருக்காது.

"பொழக்கடைய எதுக்குப் புள்ள மொதல்ல கூட்டற?"

"குப்பையாக் கெடந்துச்சுங்க."

குப்பையாம், குப்பை! எவன் கால்தடத்தை அழிக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாதா?

அன்றைக்குக் காணும் பொங்கல். ஊர் ஆண்களெல்லாம் வலையைத் தூக்கிக்கொண்டு கரட்டுக் காட்டுக்குப் போயிருந்தார்கள், பச்சமுத்துவும்தான். வருசா வருசம் ஒரு நரியைப் பிடித்து வந்து, கோயிலைச் சுற்றிக் காட்டி, திரும்பக் காட்டில் விட்டால்தான் அந்தப் பக்கத்துச் சனங்களுக்குப் பொங்கல் முடிந்ததாக அர்த்தம். இந்த வருசம் பொழுதுக்கும் சுற்றியும் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"ஊருக்கே துக்கமாப் போச்சு" என்று வலையை மூலையில் எறிந்தான்.

"சிக்கலைன்னா போவட்டும் உடுங்க" என்றாள் பெருமாயி. அவள் முகத்தில் துக்கம் துளிகூட இல்லை.

அவன் விறுவிறுவென்று போய் வண்டி அச்சுக்கு எண்ணெய் போட்டான். "நாளைக்கு அயோத்தியாப்பட்டணம் போவணும். துணிமணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சுக்க."

"எங்கப்பன் ஊட்டுக்குங்களா!" அவள் குதித்துக்கொண்டு மூட்டை கட்ட ஓடினாள். போகிறவள் திரும்பி வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. கையும் களவுமாகப் பிடித்து, அவள் அப்பன் முன்னால் நிறுத்திவிட்டு வந்துவிடுவது என்று பச்சமுத்து முடிவு செய்திருந்தான். முடிவு செய்தபிறகும், எண்ணெய் போட்ட அச்சுக்கே மறுபடி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் கோழி கூப்பிடுவதற்கு முன்பே தடியோடு போய் வைக்கோல் போருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டான். கிழக்கு வெளுத்தது. பெருமாயி வந்தாள். அதே மூடிய கண், கையில் கொட்டாங்குச்சி, அதில் கருவாடு. பந்தலடியில் அதை வைத்துவிட்டு நாலடி தள்ளி உட்கார்ந்தாள்.

வேலி சலசலத்தது.

"வந்துட்டியா சாமி?" என்றாள் மெதுவாக. "பயப்படாத, கிட்ட வா. நான் இன்னும் கண்ணே தொறக்கல."

சாமியாமே! பச்சமுத்துவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அடேய்! எவன்டா அவன்?" என்று தடியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான்.

கொட்டாங்குச்சி உருண்டது. வேலியில் நுழைந்து ஓடியது வெங்கடாசலம் இல்லை. அதற்கு நாலு காலும், புசுபுசுவென்று ஒரு வாலும் இருந்தன.

"ஐயோ, போயிடுச்சுங்களா?" பெருமாயி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினாள். "நரிங்க அது! நாலு நாளா வருது. உங்ககிட்டச் சொன்னா வலையத் தூக்கிட்டு வந்துருவீங்கன்னுதான் சொல்லல. எந்திரிச்சதும் அது மூஞ்சியில முழிச்சா வருசமெல்லாம் நல்லதுன்னு தவங் கெடக்கறனுங்க. கண்ணத் தொறந்தா வாலுதான் தெரியுது. இன்னைக்குத்தான் கிட்டக்க வந்து நின்னுச்சு!"

பச்சமுத்து தடியைக் கீழே போட்டான். அவள் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டான். ஐயோ, இவளையா கொண்டுபோய் விட இருந்தேன்! கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பும் வந்தது.

"மூட்டையில என் வேட்டியையும் வெய்யி புள்ள. உங்கப்பன் ஊட்டுக்கு ரெண்டு பேருமே போலாம்" என்று அவள் கைகளைப் பிடித்து மெல்ல விலக்கினான். "எங்க, கண்ணத் தொற பாக்கலாம்."

பெருமாயி கண்ணைத் திறந்தாள்.

"போச்சு போங்க! இன்னைக்கும் உங்க மூஞ்சியேதானா?"