அடுத்த பௌர்ணமி வரை

“ஏம்மா, ஒரு பௌர்ணமியிலேர்ந்து அடுத்த பௌர்ணமி வரைக்கும் எதையும் அழிக்காத ஹார்ட் டிஸ்க் ஒண்ணு குடு.”

கண்காணிப்புக் கேமரா விற்கும் தன் கடையில் இப்படியோர் அளவுகோலை மணிமொழி அதுவரை கேட்டதில்லை. நெற்றி நிறையத் திருநீறும் தோளில் துண்டுமாக எதிரே நின்ற பெரியவர் சின்னசாமி விளையாட்டுக்குச் சொன்னவராகவும் தெரியவில்லை.

“உக்காருங்க ஐயா. ரெக்கார்டருக்கு என்ன ஆச்சு?”

“பீப் பீப்னு கத்துது. நேத்து வாசல்ல நின்னப்பவே கேட்டுச்சு. டிஸ்க் போனா அப்படித்தான் கத்தும்னு எதிர்த்த டீக்கடைக்காரர் சொன்னாரு.”

“எந்த வீடு?”

“அடி அண்ணாமலை. பச்சை கேட்டு, வாசல்ல ஒரு பெஞ்சு, பக்கத்துல தண்ணிப் பானை. கேட்டுல உன் கடை ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கு.”

“அட, நர்ஸ் தேவிப்ரியா வீடு! நான்தான் மாட்டினேன். நீங்க…?”

“அவளைப் பெத்தவன்.”

“அப்புறமா கேமரா எதுனா புதுசா சேர்த்தீங்களா ஐயா?”

“வாசல்ல ஒண்ணு இருக்கு. உள்ள இருக்கறதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா.”

“நல்ல வீட்டுக்காரர் போங்க!” என்று சிரித்தாள் மணிமொழி.

“இருக்கறதுலயே பெரிய டிஸ்க்கா குடு.”

“ரொம்பப் பெருசு போட்டா அந்தப் பழைய ரெக்கார்டர் ஏத்துக்காது. டிஸ்க்கே இல்லைன்னு சாதிக்கும். இந்த நாலு டிபிதான் அதோட எல்லை.”

“கம்ப்யூட்டர் டிஸ்க்குன்னா விலை கம்மியாமே?”

“அது வேலை முடிஞ்சா தூங்கிப் பழகினது. இது ராப்பகலா எழுதறதுக்குன்னே செஞ்சது. அதான் விலை கொஞ்சம் ஜாஸ்தி.”

“தூங்காததையே குடு. முகம் தெளிவா தெரியுமில்ல?”

“தெரியும்.”

“குரலு?”

“வாசல் கேமராவுல மைக் இருக்கு ஐயா. குரலும் பதியும்.”

கூம்பியிருந்த அவர் முகம் மலர்ந்தது.

“பௌர்ணமிக் கூட்டத்துல ஏதாவது திருட்டுப் போச்சா?”

“போனது போனதுதாம்மா. மிச்சம் இருக்கறது அழியக் கூடாது.”

டிஸ்க்கைச் சோதனைப் பெட்டியில் செருகிவிட்டு அவள் காத்திருக்க, பெரியவரின் பார்வை வீதிக்கு அப்பால் எழுந்து நின்ற மலையில் போய்த் தங்கியது.

“அப்பல்லாம் சுத்துப் பாதையில இவ்ளோ வெளிச்சம் ஏது? செம்மண்ணும் நிலாவும்தான். எம்பொண்ணைத் தோள்ல ஏத்திக்கிட்டு மலை சுத்துவேன். பதிகத்துல ஒரு அடி நான் பாடுவேன். அடுத்த அடி அவ பாடணும். பாடினாத்தான் காலை எடுத்து வைப்பேன். கண்ணசந்துட்டாள்னா அப்படியே நின்னுடுவேன். முழிச்சுக்கிட்டு என் காதைப் பிடிச்சு இழுத்து, ‘நட நட’ம்பா. அப்பவும் பாடாம நகர மாட்டேன்.”

என்றோ காய்ந்த நிலவொன்று அவர் குரலில் உதித்து மெல்ல அடங்கியது.

“இப்பவும் சேர்ந்து சுத்தறீங்களா?”

“பௌர்ணமின்னா அவளுக்கு ராத்திரி டூட்டி” என்று மட்டும் சொல்லிப் பணத்தை எடுத்து வைத்தார். “இன்னிக்குப் பௌர்ணமி. பொழுது சாயறதுக்குள்ள மாட்டிடும்மா.”

“இன்னிக்கா? மலை சுத்தற ரோட்டுல வண்டியே விட மாட்டாங்களே! நாளைக்குக் காலையில முதல் வேலையா…”

“இன்னிக்குப் பதியலைன்னா ஒரு மாசம் வெறுமையா போயிடும்மா.”

மணிமொழி டிஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்தாள். “சரி, ஊருக்குள்ள பூந்து எப்படியாவது போய்ப் பாக்கறேன். நீங்களும் வண்டியில ஏறுங்க.”

“இன்னிக்கு நடைதான். நீ போ. ஆனா நான் வாங்கிக் குடுத்தேன்னு மூச்சு விடாத. கம்பெனி குடுத்துச்சுன்னு சொல்லிடு.”

“செலவு பண்ணினா திட்டுவாங்களா? எங்கப்பாவும் என்கிட்ட இப்படித்தான் முழிப்பாரு!”

பெரியவர் சிரிக்க முயன்றார்.

மாலையில், பச்சை கேட்டைத் திறந்த தேவிப்ரியா வியந்து நின்றாள். “டிஸ்க் போனதை நான் யாருக்குமே சொல்லலையே!”

“கம்பெனியே மாத்தித் தருது சிஸ்டர். உங்களுக்கு இன்னிக்கு டூட்டி இல்லியா?”

“கெஞ்சிக் கூத்தாடி லீவு போட்டேன். கேமரா ஓடலைன்னா…” என்று தொடங்கியவள் முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

புதிய டிஸ்க் பொருந்தியது. ஓயாமல் கத்திக்கொண்டிருந்த ரெக்கார்டர் வாயடங்கியது. டிவியில் வாசல் விரிந்தது. அடியார் கூட்டம் ஆறெனப் பெருகிச் சென்றது. அதிலிருந்து துளிபோல் விலகிய சின்னசாமி, பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு பெஞ்சில் அமர்ந்தார்.

“ஐயா வந்துட்டாரே! ஏன் வெளியவே உக்காந்துட்டாரு? உள்ள வரச் சொல்லுங்க சிஸ்டர்.”

தேவிப்ரியாவின் கண்கள் திரையை விட்டு அகலவில்லை.

“வர மாட்டாரு. நானா பாத்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு, என் வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டாரு. பேச்சே இல்ல. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்த வழியா நடந்து போவாரு. டூட்டி முடிஞ்சு வந்து இதுல போட்டுப் பாப்பேன். காலைத் தாங்கித் தாங்கி நடந்தாரேன்னுதான் அந்த பெஞ்சைப் போட்டேன். நான் பாக்கறது அவருக்குத் தெரியாது.”

“தெரியும் சிஸ்டர்” என்றாள் மணிமொழி. “இந்த டிஸ்க்கை வாங்கிக் குடுத்ததே அவருதான்.”

டிவியில் பதிகத்தின் முதல் அடி ஒலித்தது. பிறகு, மாதந்தோறும் போலவே, அடுத்த அடிக்கு இடம்விட்டு நின்றது.

அந்தப் பௌர்ணமியின் பதிவில் இரண்டாம் அடியும் இருந்தது. அதைப் பாடிக்கொண்டே பச்சை கேட்டைத் திறந்துகொண்டு வெளியே ஓடிய ஒரு மகளும் இருந்தாள்.