மஹோகனிக்கு ஐந்து நாள் வெயில்

"இங்க என்னத்தை வச்சுத் தொலைச்சீங்க?"

பட்டறை முதலாளியக்கா போட்ட சத்தத்தில் மாடியறையே அதிர்ந்தது. ஜன்னலோரம் கிடந்த மஹோகனிப் பலகையின் நட்டநடுவில், வெளுப்பாக ஒரு வட்டம்.

பலகையைக் கீழே இறக்கத்தான் அக்காவும் தச்சனும் பாலீஷ்காரியும் வந்திருந்தார்கள்.

பாலீஷ்காரியின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. மணி இரண்டு. நாலு மணி பஸ்ஸில் தச்சன் போய்விடுவான். துறைமுகத்தில் கப்பல் அறைகளுக்கு மர வேலை; திரும்பி வருகிற பேச்சே இல்லை.

இரண்டு வருடமாக ஒரே பட்டறை. அவன் இழைப்பான், அவள் மெருகேற்றுவாள். அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது தொண்டை வரை வரும். அவன் நிமிர்ந்து பார்த்தால் இறங்கிப் போய்விடும்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. நலமா என்று கேட்டால்கூட அங்குலத்தில்தான் பதில் சொல்வான். 'முழக்கோல்' என்று பட்டப்பெயர் வைத்ததே அவள்தான்.

மஹோகனி என்றால் அக்காவுக்குத் தலைச்சாயத்தின் நிறம்; மாதம் ஒரு டப்பா தீர்கிறது. கிடார் செய்ய மரம் வாங்கிப் போகிறவருக்கு அது நாதம். படகுக்காரர்களுக்குத் தண்ணீரில் சீக்கிரம் உளுத்துப்போகாத பலகை.

தச்சனுக்கோ அது வெயிலை மறக்காத மரம்.

இழைத்த புதிதில் வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். ஐந்து நாள் வெயில் குடித்தால்தான் சிவந்து கறுக்கும். அதனால் பாலீஷுக்கு முன் ஜன்னல் வெயிலில் போட்டுவைப்பார்கள். மேலே எதையாவது வைத்துவிட்டால் போச்சு. அந்த இடம் மட்டும் வெளுப்பாகவே நின்றுவிடும்.

அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வது பாலீஷ்காரியின் பொறுப்பு.

"உன் பாலீஷ் டப்பா மூடிதானே? எட்டு வருஷம் தொழில் பார்த்தவ பண்ற வேலையாடி இது!" அக்கா படியிறங்கிக்கொண்டே தச்சனுக்கும் ஒரு குரல் கொடுத்தாள். "முழக்கோலு, நீயே அதை இழைச்சு எடுத்துட்டுக் கெளம்புப்பா. மேசை செய்யச் சொன்னவங்க அடுத்த வாரம் வந்து நிப்பாங்க."

தச்சன் குனிந்தான். வட்டத்தின் ஓரத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினான். கோடு போட்டது போல் சுத்தமான விளிம்பு. துளிப் பிசிறில்லை.

அவளை ஒருமுறை பார்த்தான்.

பிறகு இழைப்புளியை எடுத்தான்.

சர்ர்ரென்று ஒரே இழுப்பு. பாதி வட்டம் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. அடுத்த இழுப்பில் மீதியும்.

அவள் ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டாள். கீழே தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

அவன் நிறுத்தவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, சிவந்திருந்த இடத்தையெல்லாம் இழைத்துத் தள்ளினான். பலகை மறுபடி வெளிர் ரோஜாவாகும் வரை.

"மூடியைக் குடுங்க."

பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

அதைப் பலகையின் நட்டநடுவில், பழைய இடத்திலேயே வைத்தான்.

"தினம் இந்தப் பலகையைத் தூசி தட்டித் துடைக்கிறீங்க. அஞ்சு நாளா மூடி மட்டும் ஒரு நூல்கூட நகரல," என்றான். "மறந்து வச்சது அப்படி இருக்காதுங்க, பாலீஷம்மா."

இப்போதும் அளவுக் கணக்குதான். ஆனால் காது மடல்கள் இரண்டும் மஹோகனியாகச் சிவந்திருந்தன.

"பஸ்ஸுக்கு நேரமாகுதுப்பா!" கீழேயிருந்து அக்கா.

"புதுசா இழைச்ச பலகைக்கா! இன்னும் அஞ்சு நாள் வெயில் வேணும்!"

அவன் இவ்வளவு உரக்கக் கத்தி அவள் கேட்டதேயில்லை.

சட்டைப் பையிலிருந்து நாலு மணி பஸ் டிக்கெட்டை எடுத்தான். மடிப்பை நீவிப் பலகைமேல் வைத்து, பறந்துவிடாமல் அளவு நாடாவை மேலே ஏற்றினான்.

மூடியை ஒட்டி, ஒரு நூல்கூட இடம் விடாமல்.