நோன்புக் கஞ்சிக்கு நிற்பவை

கடல் ஊருக்குள் வந்து போனபின் ராயப்பேட்டையில் மிஞ்சிய ஒரே மனிதர் ஷரஃபுதீன். மனைவி ஜுவேரியாவையும் கடல்தான் கொண்டுபோனது. ரமலான் பிறந்ததும், பழக்கத்தை விடாமல், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சினார். கடலோடு வந்து தங்கிவிட்ட ஆறு கால் பிராணிகள் பாத்திரங்களோடு வந்து வரிசையில் நின்றன. அவற்றுக்கு வாயே கிடையாது. யாருக்கு வாங்கிப் போகின்றன என்பது அவருக்குப் புரியவில்லை.

"வூட்ல எத்தினி பேரு நைனா?" என்று வழக்கம்போலக் கேட்டபடியே ஊற்றுவார்.

வெறுங்கையோடு வந்த ஒன்றுக்கு நேற்று ஜுவேரியாவின் தூக்குச் சட்டியிலேயே கொடுத்தனுப்பியிருந்தார். இன்று அது தூக்கைத் திருப்பி நீட்டியது. யார் வீட்டுப் பாத்திரத்தையும் ஜுவேரியா வெறுமனே திருப்பித் தரமாட்டாள். மூடியைத் திறந்தார். இரண்டு சமோசா, அவள் மடிக்கும் அதே மடிப்பில். தொட்டார், சுட்டது.

அகப்பையை எடுத்தார்.

"வூட்ல எத்தினி பேரு?" என்றார். இந்த முறை பதிலுக்காகக் காத்து நின்றார்.