கடைசி நிறுத்தத்தில் பன்னிரண்டு நிமிடம்

"என்ன டெல்பர்ட், இன்னைக்குக் கையில புத்தகத்தையே காணோம்? மூஞ்சியும் சரியில்லையே!"

முன்சீட்டில் வந்து உட்கார்ந்தபடியே ட்வைலா கேட்டாள். ஒன்பதாம் நம்பர் பஸ் அமெரிக்காவின் டேட்டன் நகரின் கடைசி நிறுத்தத்தில் நின்றிருந்தது. திரும்பிக் கிளம்பப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. பக்கத்து முதியோர் இல்லத்தில் சமையல் வேலை முடித்து வருகிற ட்வைலாவைத் தவிர வண்டியில் ஈ, காக்கை இல்லை.

மூன்று மாதமாக இந்தப் பன்னிரண்டு நிமிடம்தான் டிரைவர் டெல்பர்ட்டின் கல்லூரி. ஐம்பத்திரண்டு வயதில், வேலையையும் விடாமல், கம்ப்யூட்டர் வழியாகவே படிக்கிற பொதுக்கலைப் பட்டம். இன்னும் ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. பட்டம் வந்தால் டெப்போவில் புது டிரைவர்களுக்குப் பயிற்சி தருகிற வேலை கிடைக்கும். இந்த முதுகுவலியோடு ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

ட்வைலாவும் லேசுப்பட்டவள் இல்லை. "இன்னைக்கு என்ன படிச்சீங்க?" என்று ஆரம்பித்தால், மளிகை லிஸ்ட் எழுதிக்கொண்டே ஆயிரம் கேள்வி கேட்பாள். அவருக்கும் அது பிடித்திருந்தது. வீட்டில் அவர் பேச்சை யார் கேட்கிறார்கள்?

"படிப்பு போச்சும்மா," என்றார் டெல்பர்ட். "என் கட்டுரையும் கூடப் படிக்கிற யாரோ எழுதினதும் அப்படியே ஒத்துப்போகுதாம். காப்பியடிச்சிருக்கோம்னு கடிதம் வந்திருக்கு. திங்கக்கிழமை பத்து மணிக்கு விசாரணை."

ட்வைலாவின் பேனா நின்றது. "ஒரே பாடத்தைப் படிச்சா ஒரே மாதிரிதானே எழுதுவாங்க?"

"பாடத்துல இருந்தா நான் ஏன் புலம்பறேன்? விதியை மீறுறது எப்போ நியாயம்னு கேள்வி. அன்னைக்குப் பனியில, காலாவதியான பாஸோட நின்னாரே ஒரு பெரியவர், நான் ஏத்திக்கிட்டேனே, அதை எழுதினேன். அந்தப் பனி, அந்தப் பாஸ், அவர் கையில இருந்த பூனைக்கூடை வரைக்கும் அந்த இன்னொரு கட்டுரையிலயும் இருக்காம்! என் பஸ்ல நடந்தது எவனோ ஒருத்தனுக்கு எப்படித் தெரியும்?"

"யாருன்னு சொல்லலையா?"

"பேரெல்லாம் சொல்லமாட்டாங்களாம். வகுப்புல முப்பது பேரு, ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. டெப்போவுல நான் மூச்சு விடலை. என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லலை, அவளுக்குப் பூனைன்னாலே ஆகாது. யோசிச்சு யோசிச்சு மண்டை காயுதும்மா!"

"திங்கக்கிழமை என்ன பண்ணுவாங்க?"

"ரெண்டு பேரையும் ஃபெயில் போட்டுடுவாங்க. ஒருத்தர் ஒத்துக்கிட்டா மத்தவர் தப்பிக்கலாம். எந்த மடையன் ஒத்துப்பான்?"

டெல்பர்ட் வண்டியைக் கிளப்பச் சாவியைத் திருகினார்.

"திங்கக்கிழமை நானும் வர்றேன், டெல்பர்ட்."

"எனக்குச் சாட்சி சொல்லவா? வேணாம்மா, உன் பொழப்பு கெட்டுடும். இங்க சமையல், சாயங்காலம் ஆபீஸ் பெருக்குற வேலை, வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. ஒரு புத்தகத்தைப் பிரிச்சுப் பார்க்கக்கூட நேரமில்லாத ஆளு நீ."

"அதனாலதான்..." என்று மளிகை லிஸ்ட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள் ட்வைலா. பாலும் முட்டையும் அதில் இல்லை. மூன்று மாதமாக அவர் சொன்னதெல்லாம் தேதிவாரியாக இருந்தது.

"பஸ்ல காதால கேட்டதை எழுதினாலும் காப்பிதான்னு எனக்குத் தெரியாது டெல்பர்ட். அந்தக் கடிதம் எனக்கும் வந்திருக்கு."