பத்தரைக்கு மேல் வரட்டும்

"அந்த இன்ஜினியர் பிள்ளைய மட்டும் பத்தரைக்கு மேல வரச் சொல்லுங்க. அதுக்கு முன்னால வர வேண்டாம்."

ஸ்பீக்கரில் கஸ்தூரியம்மாளின் குரல் கணீரென்று கேட்டது. போனை வைத்த முதலாளி ஜேசுராஜ், எதிரே நின்ற உமாதேவியைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

நாளை வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் ஒன்பதரை முதல் பத்தரை வரை. அதற்கு மேல் ராகு காலம்.

உமாதேவிக்குப் புரிந்துவிட்டது. தேவதானப்பட்டியில் கஸ்தூரியம்மாளுக்குக் கம்பெனி கட்டுகிற வீட்டில் நாளை வாசல் நிலை வைக்கிறார்கள். மங்கல காரியம். புருஷனைப் பறிகொடுத்தவள் அங்கே எதற்கு என்று நினைக்கிறார்கள்.

"மண்ணு சரியில்லைன்னு மழையில நின்னு அந்த வீட்டுக் கடைக்கால இன்னும் ஆழமாத் தோண்ட வச்சவ நான் சார். அப்ப இந்தக் கை ஆகாத கையாத் தெரியலையாமா?"

"விடும்மா. நான் சர்ச்சுக்குப் போறவன். எனக்கு ராகு காலமும் கிடையாது, எமகண்டமும் கிடையாது. வீடு வாங்குறவுகளுக்கு இருக்கே!"

தேனியில் வீடு கட்டி விற்கும் அந்தக் கம்பெனியில் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்து, பிராஜெக்ட் மேனேஜர் வரை ஏறியவள் உமாதேவி. இப்போது சி.இ.ஓ. நாற்காலி காலியாகிறது. போட்டியில் அவளும் விற்பனைப் பிரிவு சசிதரனும்தான். வேலையில் உமாதேவியை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஜேசுராஜே ஊரெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு 'ஆனா' போடுவார்.

இன்றும் போட்டார்.

"ஆனா, சி.இ.ஓ.ன்னா பூமி பூஜை, நிலை வைக்கிறது, பால் காய்ச்சுறதுன்னு எல்லாத்துக்கும் முன்னால நிக்கணும். ஜனங்க ஏத்துக்கிடணும்ல? நாளைக்கு நீ நின்னு நடத்து, பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்னு இருந்தேன். அந்தம்மா இப்படிச் சொல்றாக."

உமாதேவி வெளியே வந்தாள். இத்தனை வருஷ உழைப்பு ஒரு போன் பேச்சில் போயிற்று.

மறுநாள் காலையில், போகாமலே இருந்துவிட்டால் என்ன என்றுதான் நினைத்தாள். ஆனால் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிற்கிறதா என்று பார்க்காமல் நிலையை நிறுத்திவிடுவார்களே என்ற கவலை வந்து தொலைத்தது. வேலைப் பைத்தியத்துக்கு நிம்மதியாகக் கோபித்துக்கொள்ளக்கூட முடியாது.

பத்தரை தாண்டி அவள் போய் இறங்கியபோது, தேக்கு நிலை மாலையும் கழுத்துமாக இன்னும் தரையில்தான் கிடந்தது. பந்தலுக்குள் ஒரே ரகளை.

"நவதானியப் பொட்டலத்தை யாராச்சும் வீட்டுலயே வச்சுட்டு வருவாகளா மதினி?" கஸ்தூரியம்மாளின் நாத்தனார் மகாலட்சுமி பட்டுச்சேலையோடு கொதித்துக்கொண்டிருந்தாள்.

நிலைக்கு அடியில் நவதானியம் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். குலசாமி முன்னால் வைத்துக் கும்பிட்ட பொட்டலம் அது, கடையில் வேறு வாங்கக் கூடாது என்று கஸ்தூரியம்மாள் ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள். எடுத்து வரத் தேனிக்கு ஓடிய மகன், வீடு முழுக்கத் தேடியும் காணோம் என்று இப்போதுதான் போன் செய்திருக்கிறான்.

"ராகு காலம் பெறந்திருச்சு. இனி நான் இதுல கை வைக்க மாட்டேன்" என்று மகாலட்சுமி ஒதுங்கினாள். அவளைப் பார்த்து மற்ற சுமங்கலிகளும் பின்வாங்கினார்கள்.

ஜேசுராஜ் தயங்கினார். "வேற நாள் பார்த்துக்கிடலாமாம்மா?"

"வேற நாள் எதுக்கு? அதான் ஆள் வந்திருச்சே!" கஸ்தூரியம்மாள் எழுந்தாள். "ஆத்தா உமாதேவி, அங்கன ஏன் நிக்கிற? இங்கன வா. என் வீட்டு நிலைய நீதான் வைக்கணும்."

உமாதேவி திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். "நானாம்மா? நான்..."

"எல்லாரும் மாட்டேன்னு ஒதுங்கிட்டாக. நீயும் மாட்டேன்னா என் வீட்டுக்கு வாசலே இல்லாமப் போயிரும்."

கூட்டத்தில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். தாங்களே கைகழுவிய வேலைக்கு இன்னொருத்தி வரக் கூடாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

உமாதேவி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். கண் கலங்கியதில் தூக்குக்குண்டு இரண்டாகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, தன் வீட்டு நிலையைத் தானே தொடாமல் தள்ளி நின்ற கஸ்தூரியம்மாள் கண்ணில் பட்டாள். அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள்தான்.

"நீங்களும் பிடிங்கம்மா" என்று அவள் கையையும் பிடித்து இழுத்து நிலையில் வைத்தாள் உமாதேவி.

ஜேசுராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அடுத்த வாரம் மயிலாடும்பாறையில பூமி பூஜை. அதையும் முன்னால நின்னு நீங்களே நடத்திருங்க, சி.இ.ஓ. மேடம்." இந்த முறை அவர் 'ஆனா' போடவில்லை.

கொத்தனார் சீனிச்சாமி தலையைச் சொறிந்தார். "எல்லாஞ் சரி. குழியில போட நவதானியம் வேணுமே?"

கஸ்தூரியம்மாள் நிதானமாகத் தன் இடுப்பு மடியை அவிழ்த்தாள். மஞ்சள் துணியில் முடிந்த பொட்டலம் வெளியே வந்தது.

"ஏ மதினி!" மகாலட்சுமி வாயைப் பிளந்தாள். "மடியிலயே வச்சுக்கிட்டா நல்ல நேரத்தப் போக விட்டீக?"

"ஆமா" என்றாள் கஸ்தூரியம்மாள். "நல்ல நேரத்துல இந்தப் பிள்ளையக் கிட்டக்க விட்டிருப்பீகளா நீங்க?"