ஒளிந்துகொண்ட சிவப்புக் கார்

நறுமுகை லைசென்ஸ் வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பழைய கார்கள் விற்கும் இடத்துக்கு அப்பாவோடு வந்தாள்.

அவளைப் பார்த்ததும் கீறல் படாத சிவப்புக் கார் நடுங்கியது. "அண்ணே, இவ கையில சிக்கினா நான் நசுங்கிடுவேன்."

"என் பின்னால ஒளிஞ்சுக்கோ தம்பி. என் உடம்புல அடிபட இனிமே இடமே இல்ல" என்றது வெள்ளைக் கார். சிவப்புக் கார் மெல்ல உருண்டுபோய் அதன் பின்னால் நின்றுகொண்டது.

நறுமுகை வெள்ளைக் காரை ஓட்டிப் பார்க்க ஏறினாள். முன்னால் போக நினைத்து ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டாள். டமார் என்று சத்தம் கேட்டது.

இறங்கி வந்தவள் சிவப்புக் காரைச் சுற்றிப் பார்த்தாள். "இது வேண்டாம்ப்பா, அடிபட்ட வண்டி. வெள்ளையையே எடுத்துக்கலாம்."

"தப்பிச்சுட்ட தம்பி" என்றது வெள்ளைக் கார், சந்தோஷமாக.