அளவுக்கு ஒரு ஆள்

மேசைமேல் ஒரு வரைபடம் விரிந்து கிடந்தது. புதிதாகக் கட்டப்போகும் கலெக்டர் ஆபீஸின் பெரிய ஹால் அது. உயரமான தூண்கள், மூன்று படிகள், படிகளுக்கு மேலே ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியின் மேல் யாரோ சிந்திய டீ ஒரு சொட்டு காய்ந்திருந்தது.

வாசனை பிடித்து வந்த எறும்பு வாசலை எல்லாம் தேடவில்லை. சுவர்க்கோட்டை மிதித்துக்கொண்டு நேராக உள்ளே நுழைந்தது. முதல் தூணுக்குப் பக்கத்தில், எறும்பு உயரத்துக்கு ஒரு மனிதனை வரைந்திருந்தார்கள். அவனுக்கு முகம் இல்லை.

“அண்ணே, இங்க உங்களுக்கு என்ன வேலை?”

“வேலை ஒண்ணும் இல்லப்பா. அளவு காட்ட நிக்கிறேன். என்னை வச்சுத்தான் தூண் எவ்வளவு பெரிசுன்னு தெரியும்.”

“நீங்க கொஞ்சம் வளர்ந்துட்டா?”

“ஐயோ, தூண் குட்டையாயிடுமே!”

எறும்புக்கு இன்னும் டீ ஆசை விடவில்லை. “அந்த நாற்காலியில யாரு இருக்காங்க?”

“யாரும் இல்ல.”

“அப்புறம் ஏன் குனிஞ்சு நிக்கிறீங்க?”

“நாற்காலி இருக்கே.”

“சரி, நான் போய் அந்த டீயை ஒரு வாய் பார்த்துட்டு வர்றேன்.”

“படி ஏறிடாத! கூப்பிட்டாத்தான் போகணும்.”

“யாரு கூப்பிடுவாங்க?”

“அவங்களை இன்னும் வரையல.”

எறும்புக்குச் சிரிப்பு வந்தது. படி வெறும் பென்சில் கோடுதானே! ஓடிப்போய் முதல் கோட்டில் காலை வைத்து நிமிர்ந்து பார்த்தது. இரண்டு பக்கமும் தூண்கள், நட்டநடுவில் நாற்காலி.

வைத்த காலை மெல்ல எடுத்தது. திரும்பி வந்து அந்த மனிதனுக்குப் பின்னால் நின்றுகொண்டது.

“அண்ணே, வரிசை இதுதானே?”